கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்: "கதை எனக்குத் தெரியும்" என்று திரும்பி வந்த கட்டுரை

மழைக்காகிதம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாவல் பேப்பருக்காக சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பற்றி 1500 வார்த்தைக்குள் ஒரு கருப்பொருள் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'பணமும் வர்க்கமும்' என்று தலைப்பு வைத்து ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே ஒரு திருத்தம்கூட இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரே வரி: "கதை எனக்குத் தெரியும். நீ என்ன சொல்ல வருகிறாய்?"

நாவலை இரண்டு தடவை முழுசாகப் படித்திருக்கிறேன். கைடு எதையும் தொடவில்லை. மறுபடி எழுத 12 நாள் கொடுத்திருக்கிறார்கள். முதல் பத்தியின் சாரத்தைத் தமிழில் போடுகிறேன்:

"சார்லஸ் டிக்கன்ஸ் 1812இல் பிறந்தார். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஏழை பணக்காரர் இடைவெளி பெரிதாக இருந்தது. இந்த நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை ஒரு வார இதழில் தொடராக வந்தது. பணமும் வர்க்கமும் இதில் முக்கியமான கருப்பொருள்களாக உள்ளன."

அடுத்த பத்தியில் கதாநாயகன் பிப் சிறுவனாகக் கல்லறையில் கைதியைப் பார்ப்பதில் தொடங்கி வரிசையாகப் போகிறது. எங்கே சறுக்கினேன் என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.


கரிச்சான்

"முக்கியமான கருப்பொருள்களாக உள்ளன." சரி, உள்ளன. சாம்பாரில் பருப்பும் உள்ளது.


பேராசிரியர்_அல்ல

கரிச்சான் ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் நீட்டுகிறேன்.

இருபது வருடத்துக்கு மேல் விடைத்தாள் திருத்தியவன் நான். டிக்கன்ஸ் என்றால் பாதிப் பேர் 1812இல்தான் ஆரம்பிப்பார்கள். திருத்துகிறவனுக்கு அந்தப் பத்தி கண்ணிலேயே படாது. அடுத்த பத்தியில் கல்லறை, கைதி, அரம், பன்றி இறைச்சி வைத்த பை (pie) என்று வந்ததும் "ஆஹா, கதை தொடங்கிவிட்டது" என்று தெரிந்துவிடும். அப்புறம் பக்கத்தைப் புரட்டுவதோடு சரி.

'பணம்' என்பது டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டு. டப்பாவுக்குள் என்ன வைத்திருக்கிறாய் என்றுதான் உங்கள் மேடம் கேட்கிறார். என் மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். உன் மையக் கருத்தைப் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் சொல். நாவலை ஒழுங்காகப் படித்த அவன் "அப்படி இல்லையே" என்று சண்டைக்கு வர இடம் இருக்கிறதா? "இந்த நாவலில் பணம் முக்கியம்" என்றால் எவன் சண்டைக்கு வருவான்? எல்லாரும் தலையாட்டுகிற வாக்கியத்தை நிரூபிக்க ஆறு பக்கம் எதற்கு?

ஒரு கேள்வி கேட்கிறேன், கூச்சப்படாமல் பதில் சொல்லம்மா. எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தாய்? பரீட்சைக்கு முக்கியமான இடம் எது என்று நான் கேட்கவில்லை. உன்னால் மேலே படிக்க முடியாமல் போன இடம் எது?


மழைக்காகிதம்

27ஆம் அத்தியாயம் சார். பிப்பை வளர்த்த அக்கா புருஷன், கொல்லர் ஜோ, லண்டனுக்கு வந்து பிப்பைப் பார்க்கிறது.

அதற்கு முன்னால் 14ஆம் அத்தியாயத்தின் முதல் வரியிலும் நின்றேன். சொந்த வீட்டை நினைத்து வெட்கப்படுவது மாதிரி கொடுமை இல்லை என்று வருமே, அது.

சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு லேத் பட்டறை. பி.ஏ. முதல் வருஷம் ஃபீஸ் கட்ட வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே வந்துவிட்டார். கையெல்லாம் கிரீஸ். கவுண்டரில் சலானை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது மாடி வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பிப் போகிறவரை கீழே இறங்கவில்லை. இதையெல்லாம் கட்டுரையில் எழுத முடியாதே.


நடுநிசி வாசகன்

எழுத வேண்டாம். ஆனால் அந்த வராண்டாவை விட்டு இறங்கிவிடவும் வேண்டாம். அங்கிருந்து பார்த்தால் உங்கள் வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும்.

27ஆம் அத்தியாயத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஜோவின் தொப்பியை மட்டும் தொடர்ந்து பாருங்கள். உள்ளே வரும்போது முட்டையோடு இருக்கிற குருவிக்கூட்டைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாங்கி வைக்கிறோம் என்றாலும் கொடுக்க மனசில்லை. அப்புறம் கணப்படுப்பின் மேல் விளிம்பில், அதுவும் ஓரத்தில், கொண்டுபோய் வைக்கிறார். அது விழுகிறது. பிடிக்கிறார். மறுபடி விழுகிறது. விக்கெட் கீப்பருக்கு வேண்டிய கண்ணும் கையும் அதற்கு வேண்டியிருந்தது என்று டிக்கன்ஸே எழுதுகிறார். கடைசியில் தேநீர்க் கழிவு ஊற்றுகிற கிண்ணத்துக்குள் தட்டிவிடுகிறார்.

முதல் வாசிப்பில் இது நகைச்சுவை. ஆனால் யார் சொல்லும் நகைச்சுவை? நடுத்தர வயதுக்கு வந்துவிட்ட பிப் சொல்கிறான். அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்திருந்த பிப்புக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஜோ வரப்போகிறார் என்று தெரிந்ததுமே, காசு கொடுத்துத் தடுக்க முடியுமென்றால் கொடுத்திருப்பேன் என்று நினைத்தவன் அவன். இந்த இரண்டு பிப்பையும் பிரித்துக் காட்டாமல் இந்த நாவலைப் பற்றி நல்ல கட்டுரை எழுதவே முடியாது என்பது என் கட்சி. வெட்கப்பட்டவன் ஒருவன், அந்த வெட்கத்தை நினைத்து வெட்கப்படுகிறவன் இன்னொருவன். முழு நாவலும் இரண்டாமவனின் வாக்குமூலம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த அறையில் ஜோ பிப்பை "சார்" என்கிறார். கொஞ்ச நேரம் பழைய செல்லப் பெயர் வரும், உடனே "சார்" திரும்பி வந்துவிடும். மகன் கலெக்டராகி ஊருக்கு வரும்போது திண்ணையில் இருக்கிற அப்பா எழுந்து "வாங்க" என்றால் எப்படி இருக்கும்? நீ, நீங்கள் இரண்டையும் தினமும் கையாளுகிற நமக்கு இது பட்டென்று உறைக்கும்.


வெள்ளெருக்கு

என்ன அழகான இடம். தங்கச்சி, நீ இதைச் செய்ந்நன்றி அறிதலோடு இணைத்து எழுதேன். "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம் உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு." முதல் வரியாகவே வைக்கலாம். கம்பீரமாக இருக்கும்.


கரிச்சான்

அக்கா, கல்யாணப் பத்திரிகைக்குத்தான் முதல் வரியில் குறள். டிக்கன்ஸ் கட்டுரையில் அது வாசலில் கட்டிய வாழைமரம் மாதிரி நிற்கும். விருந்து உள்ளேதானே?


வெள்ளெருக்கு

உங்களுக்குக் குறள் என்றாலே ஒவ்வாமை. உலகப் பொதுமறை என்று சும்மாவா சொன்னார்கள்?


பேராசிரியர்_அல்ல

சண்டை வேண்டாம், ஆளுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. அலங்காரத்துக்குக் குறளைக் கொண்டுவந்தால் வாழைமரம்தான். ஆனால் அந்தக் குறள் என்ன சொல்கிறது என்று பாருங்கள். நன்றி கொன்றவனுக்கு உய்வு இல்லை. அடித்துச் சொல்கிறார் வள்ளுவர், சலுகையே கிடையாது. இந்த நாவலோ நன்றி கொன்ற ஒருத்தனை எடுத்துக்கொண்டு 59 அத்தியாயம் அவனுக்கு உய்வு தேடுகிறது. அப்படியென்றால் வள்ளுவரை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வைக்கலாம். பிப்புக்கு உண்மையிலேயே உய்வு கிடைத்ததா என்று ஒரு பத்தி அவரோடு வாதாடலாம். அப்படிச் செய்தால் குறளுக்கும் மரியாதை.

ஆங்கிலத் தாளில் அதற்கு இடம் இருக்குமா என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.


கணக்குப்பிள்ளை

நான் இலக்கிய ஆள் இல்லை. ஆடிட்டர் ஆபீசில் வேலை. இந்த நாவலைப் படித்தபோது பழக்க தோஷத்தில் ஓரத்தில் வரவு செலவு எழுதிக்கொண்டு போனேன். தங்கைக்கு உதவுமா என்று பாருங்கள்.

10ஆம் அத்தியாயத்தில் சாராயக் கடையில் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் சிறுவன் பிப்பிடம் ஒரு ஷில்லிங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கிறான். பிரித்துப் பார்த்தால் சுற்றிய காகிதமே இரண்டு ஒரு பவுண்டு நோட்டு. அழுக்கேறி, வியர்த்து, அந்த ஜில்லாவிலுள்ள மாட்டுச் சந்தை ஒன்று விடாமல் பழகின மாதிரி இருக்கிற நோட்டுகள். கொடுத்தவன் அந்தக் கல்லறைக் கைதிக்குத் தெரிந்தவன் என்று மட்டும் பிப்புக்குப் புரிகிறது. 13இல் ஊர்ப் பணக்காரி மிஸ் ஹாவிஷம் 25 கினி கொடுக்கிறாள், ஜோவிடம் பிப்பைத் தொழில் பழக வைக்க. இது எல்லார் முன்னாலும் கைமாறுகிறது. 18இல் வக்கீல் ஜாகர்ஸ் பிப்புக்குப் பெரிய சொத்து வரப்போகிறது என்று அறிவித்துவிட்டு, பையனை இழக்கிற ஜோவுக்கு நஷ்ட ஈடு என்று பேச்செடுக்கிறார். ஜோ சண்டைக்கே போய்விடுகிறார். மொத்தக் கணக்கில் 'வேண்டாம்' என்று மனதார எழுதப்பட்ட முதல் பதிவு இதுதான். 36இல் 21ஆம் பிறந்தநாளுக்கு 500 பவுண்டு, அனுப்பியவர் பெயர் கிடையாது. 37இல் அதில் பாதியைப் பிப் நண்பன் ஹெர்பர்ட்டுக்குத் தெரியாமல் அவன் தொழிலுக்குக் கட்டுகிறான். மீதிக்கு 49இல் மிஸ் ஹாவிஷத்திடம் 900 பவுண்டு கேட்டு வாங்குகிறான். தனக்கென்று ஒரு பைசா கேட்கவில்லை. 57இல் காய்ச்சலில் கிடக்கிறவனை நகைக்கடைக் கடனுக்குக் கைது செய்ய ஆள் வருகிறது. 123 பவுண்டு, 15 ஷில்லிங், 6 பென்ஸ். அதை ஜோ கட்டிவிட்டு, விடியும் முன்னால் ரசீதை வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்.

அந்தக் கொல்லன் கட்டிய தொகை பென்ஸ் வரை துல்லியமாகச் சொல்லப்பட்டிருக்கிறது என்று என் குறிப்பில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். சின்னச் சில்லறைகள் விட்டுப்போயிருக்கலாம்.


நடுநிசி வாசகன்

கணக்குப்பிள்ளை சார், கைகொடுங்கள். 'பணம்' என்று ஒரே சொல்லாக இருந்ததை ஆறேழு காட்சியாக உடைத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த இரண்டு அழுக்கு நோட்டும் திரும்பி வருகின்றன, 39ஆம் அத்தியாயத்தில். புயல் அடிக்கிற இரவு, பிப்புக்கு 23 வயது. கல்லறையில் பார்த்த அந்தக் கைதி, மேக்விச், மாடிப்படி ஏறி வருகிறான். அவன்தான் தன்னை ஜென்டில்மேன் ஆக்கியவன் என்று பிப்புக்கு இன்னும் தெரியாது. பழைய கடனைத் தீர்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று இரண்டு புது ஒரு பவுண்டு நோட்டை எடுத்து நீட்டுகிறான். சுத்தமான நோட்டு. மேக்விச் அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நீளவாக்கில் மடித்து, முறுக்கி, விளக்கில் காட்டிக் கொளுத்தி, சாம்பலைத் தட்டில் போடுகிறான். அப்புறம்தான் பேச ஆரம்பிக்கிறான்.

அழுக்கு நோட்டுக்குச் சுத்தமான நோட்டைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தவனுக்குக் கிடைத்த பதில் அது.


மழைக்காகிதம்

இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு வாக்கியம் வருகிறது, அடியுங்கள்:

"இந்த நாவலில் நன்றி எப்போதும் தவறான விலாசத்துக்குப் போகிறது. விலாசத்தை மாற்றி எழுதுவது பிப்பின் வெட்கம்."

பிப் தன்னை உயர்த்தியது மிஸ் ஹாவிஷம் என்று நம்புகிறான். அப்படி யாரும் அவனிடம் சொல்லவில்லை. அந்த வீட்டில்தான் மிஸ் ஹாவிஷம் வளர்க்கிற எஸ்டெல்லா அவனுடைய முரட்டுக் கையையும் தடித்த பூட்ஸையும் பார்த்துச் சிரித்தாள். சீட்டாட்டத்தில் ஒரு சீட்டின் பெயரைக் கொச்சையாகச் சொன்னதற்காகக் கேலி செய்தாள். வெட்கத்தை யார் கொடுத்தாளோ அவள் வீட்டிலிருந்துதான் மரியாதையும் வர வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அதனால் ஜோவுக்குப் போக வேண்டியதையும் மேக்விச்சுக்குப் போக வேண்டியதையும் சேர்த்து அந்த இருட்டு வீட்டுக்கு அனுப்புகிறான்.

நன்றிக்கடன் என்று நமக்கு ஒரே சொல் இருக்கிறது. நன்றியும் கடனும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. அந்தச் சொல்லை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் இது தோன்றியது.


கரிச்சான்

இதில் சண்டை போடலாம். அப்படியென்றால் நல்ல வாக்கியம்.

முதல் சண்டை நானே. "எப்போதும்" என்று ஏன் போட்டாய்? ஹெர்பர்ட் விஷயத்தில் பிப் பெயர் சொல்லாமல் கொடுக்கிறான். ஹெர்பர்ட்டின் நன்றியும் அப்போதைக்கு வேறு விலாசத்துக்குத்தான் போகிறது. ஆனால் அதுதான் பிப் செய்த ஒரே நல்ல காரியம். தவறான விலாசம் என்பது எப்போதும் கெட்டது என்றால் இந்த இடத்தில் உன் கட்டுரை உடையும்.


மழைக்காகிதம்

ஐயோ. ஆமாம்.


பேராசிரியர்_அல்ல

உடையட்டும், நல்லது. இப்படி ஒரு இடம் கிடைத்தால் கட்டுரைக்கு நடுப்பகுதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். முதல் பாதியில் வாக்கியத்தை நிறுத்து. நடுவில் நீயே எழுந்து, "ஆனால் ஹெர்பர்ட்?" என்று கேள். வாசிக்கிறவர் மனதில் வருகிற மறுப்பை அவருக்கு முன்னால் நீ சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உன்னை நம்புவார்.

பதில் எங்கே இருக்கும் என்றால், கொடுக்கிற விதத்தில். 39இல் மேக்விச் என்ன சொல்கிறான்? நான் ஜென்டில்மேன் இல்லை, படிப்பும் இல்லை, ஆனால் ஒரு ஜென்டில்மேனுக்குச் சொந்தக்காரன் நான் என்கிறான். சொந்தக்காரன்! ஆஸ்திரேலியாவில் ஆடு மேய்த்துச் சம்பாதித்து, திரும்பி வந்தால் தூக்கு என்று தெரிந்தும் கடல் கடந்து வந்தவன். அவன் பாசத்தில் பொய் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு பத்திரப்பதிவு இருக்கிறது. பிப் ஹெர்பர்ட்டுக்குக் கொடுத்ததில் அது இல்லை.


நடுநிசி வாசகன்

சார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் பின்னால் போங்கள், 38ஆம் அத்தியாயத்துக்கு. அங்கே மிஸ் ஹாவிஷமுக்கும் எஸ்டெல்லாவுக்கும் சண்டை. நன்றி கெட்டவளே என்கிறாள் வளர்த்தவள். நீங்கள் கொடுத்ததெல்லாம் உங்களுடையது, கேட்டால் திருப்பித் தருகிறேன், எனக்கு நீங்கள் கொடுக்கவே கொடுக்காத ஒன்றைத் திருப்பிக் கேட்டால் நான் எங்கே போவேன் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள் எஸ்டெல்லா. அவள் குரல்கூட உயர்வதில்லை.

அடுத்த அத்தியாயத்தில் மேக்விச் படியேறி வருகிறான். ஒருத்தி ஒரு பெண்ணைச் செய்தாள், ஒருவன் ஒரு பையனைச் செய்தான். செய்தவர்கள் இருவரும் செய்த பொருளிடம் போய் நன்றி கேட்கிறார்கள். இரண்டு காட்சியையும் டிக்கன்ஸ் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். 39 முடிகிற இடத்தில்தான் பிப்பின் எதிர்பார்ப்புகளின் இரண்டாம் கட்டம் முடிகிறது என்று நாவலே எழுதி வைத்திருக்கிறது. அந்த எஸ்டெல்லா மேக்விச்சின் சொந்த மகள் என்பது அப்போது அங்கிருக்கிற யாருக்கும் தெரியாது.

என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் கனமே இந்த இரண்டு அத்தியாயத்தில்தான். மற்றதையெல்லாம் ஒல்லியாக வைத்துக்கொண்டு இதற்கு 500 வார்த்தை கொடுங்கள்.


தூண்டில்காரன்

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆர்லிக்கை யாருமே சொல்லவில்லையே? ஜோவின் பட்டறையிலேயே வேலை செய்கிறவன், யாருடைய தயவும் கிடைக்காதவன். அவன்தான் பிப்பின் அக்காவை அடித்துப் போடுகிறான். அடித்தது மேக்விச் கழற்றிப் போட்ட கால்விலங்கால், அதை அறுக்க அரம் திருடிக் கொடுத்தது பிப். அடிபட்டு நினைவு குழம்பிக் கிடக்கிற அக்கா, பலகையில் சுத்தியல் படம் வரைந்து அவனை வரவழைத்து, அவனிடம் நல்ல பேர் வாங்கத் தவிக்கிறாள். நன்றி தவறான விலாசத்துக்குப் போகிறது என்றால் இதைவிடக் கொடூரமான சாட்சி உண்டா?

53இல் சுண்ணாம்புக் காளவாய்ப் பக்கம் பிப்பைக் கட்டிப் போட்டுவிட்டு, உன் அக்காவை அடித்தது நீதான், உன்னைச் சீராட்டினார்கள், என்னை மிரட்டி அடித்தார்கள் என்கிறான். நன்றி மட்டுமா, பழியும் விலாசம் மாறித்தான் போகிறது.


மழைக்காகிதம்

அண்ணா, அருமையான பாயின்ட். ஆனால் 1500 வார்த்தையில் ஜோ, மேக்விச், எஸ்டெல்லா, ஹெர்பர்ட் என்று ஏற்கெனவே நாலு பேர். ஆர்லிக்கைச் சேர்த்தால் கூட்டம் அதிகமாகிவிடும் என்று பயம். இந்தத் தடவை விட்டுவிடுகிறேன்.


தூண்டில்காரன்

விடாதீர்கள். அவனை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அவன் பிரச்சினையே.


வெள்ளெருக்கு

டிக்கன்ஸின் சொந்த வாழ்க்கையைச் சேர்க்கலாமே? 12 வயசில் ஷூ பாலிஷ் தயாரிக்கிற இடத்தில் வேலை பார்த்தார், 1824இல் அப்பா கடனுக்காக மார்ஷல்சி சிறையில் இருந்தார். அவர் இறந்த பிறகு நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் இது வெளியே வந்தது. அவரே வெட்கப்பட்டு மறைத்த விஷயம், தங்கச்சி கட்டுரைக்கு அப்படியே பொருந்துகிறதே.


கரிச்சான்

பொருந்துகிறது, அதுதான் ஆபத்து. "டிக்கன்ஸ் வெட்கப்பட்டார், அதனால் பிப் வெட்கப்படுகிறான்" என்று எழுதினால் நாவலுக்கு வேலையே இல்லை. பாலிஷ் டப்பாவில் லேபிள் ஒட்டிய பையன்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். அத்தனை பேரும் 27ஆம் அத்தியாயம் எழுதவில்லை.


பேராசிரியர்_அல்ல

ஒரு வாக்கியம் போடலாம், அதுவும் கடைசிக்கு அருகில். முதல் பத்தியில் வேண்டவே வேண்டாம். தொடராக வந்த தேதியும் அப்படித்தான். சும்மா நிற்கிற தேதியை எடுத்துவிடு.

இன்னொன்று, பத்திகளின் முதல் வரியை மட்டும் தனியாக எழுதிப் பார்த்துக்கொள்ளம்மா. "8ஆம் அத்தியாயத்தில்", "பிறகு பிப் லண்டன் செல்கிறான்" என்று இருந்தால் மறுபடி கதைதான். ஒவ்வொரு முதல் வரியும் உன் வாக்கியத்தை ஒரு படி தள்ளிக்கொண்டு போக வேண்டும். கதை வரிசையை மறந்துவிடு. 39இல் தொடங்கி 8க்குப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.


மழைக்காகிதம்

புது முதல் பத்தி. ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்:

"மேக்விச் இரண்டு பவுண்டு நோட்டை எரிக்கும்போது பிப்புக்கு அது திமிராகத் தெரிகிறது. அந்த நோட்டுகள் ஒரு கடனை அடைக்க நீட்டப்பட்டவை. கடன் அடைந்துவிட்டால் இந்த மனிதனை வாசலோடு அனுப்பிவிடலாம். பிப் நாவல் முழுக்க இப்படித்தான் செய்கிறான்: யாருக்கு நன்றி சொல்ல வெட்கமோ அவருக்குப் பணம் நீட்டுகிறான், யாரிடமிருந்து மரியாதை வேண்டுமோ அவருக்கு நன்றியை அனுப்புகிறான். விலாசம் தவறிய அந்த நன்றி திரும்பி வரும்போது என்ன ஆகிறது என்பதே நாவலின் பின்பாதி."

பிறந்த வருஷம் போச்சு. விக்டோரியா காலமும் போச்சு.


கணக்குப்பிள்ளை

"யாருக்கு நன்றி சொல்ல வெட்கமோ அவருக்குப் பணம் நீட்டுகிறான்." ஜோவைக் காசு கொடுத்துத் தடுத்திருப்பேன் என்றதும் இதில் அடங்கிவிடுகிறது. டேலி ஆகிறது.


நடுநிசி வாசகன்

நன்றாக வந்திருக்கிறது. "நாவல் முழுக்க" மட்டும் கொஞ்சம் பெரிய பேச்சு. "மீண்டும் மீண்டும்" என்றால் போதும். பிற்பாடு காயம்பட்ட மேக்விச்சின் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் நிற்கிற பிப் வேறு ஆள். அந்த ஆளுக்கு உங்கள் வாக்கியம் இடம் விட வேண்டும்.

கைகளைப் பற்றி ஒரு பத்தி எழுத முடிந்தால் எழுதுங்கள். "கையால் வளர்த்தேன்" என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாள். தாய்ப்பால் இல்லாமல் புட்டிப்பாலில் வளர்த்தது என்பது அன்றைய பொருள், அடித்து வளர்த்தது என்பது பிப்புக்குப் புரிந்த பொருள். ஜாகர்ஸ் ஒவ்வொரு கட்சிக்காரரும் போன பிறகு வாசனை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். ஜோவின் கை, ஆளை நசுக்கவும் முட்டை ஓட்டைத் தட்டவும் தெரிந்த நீராவிச் சுத்தியல் போன்றது. எஸ்டெல்லா சிரித்ததும் ஒரு கையைப் பார்த்துத்தான்.

சலானின் ஓரத்தைப் பிடித்த கையைப் பார்த்தவர் நீங்கள். இந்தப் பத்தி உங்களுக்கு வரும்.


மழைக்காகிதம்

முயற்சி செய்கிறேன் அண்ணா.

முடிவு பற்றி ஒரே ஒரு சந்தேகம். இரண்டு முடிவு இருக்கிறதே. முதலில் எழுதியதில் பிப்பும் எஸ்டெல்லாவும் லண்டன் தெருவில் ஒரு நிமிஷம் சந்தித்துப் பிரிகிறார்கள். நண்பரான நாவலாசிரியர் புல்வர் லிட்டன் சொன்னதால் டிக்கன்ஸ் மாற்றினார். எதை எடுத்துக்கொள்வது?


கரிச்சான்

அச்சில் வந்ததை. மற்றதைச் சொன்னால் நாலு பேர் "உனக்கு இதெல்லாம் தெரியுமா" என்பார்கள், அவ்வளவுதான். உன் கட்டுரை எஸ்டெல்லா கிடைத்தாளா என்பதைப் பற்றியதே இல்லையே. ஜோவின் சமையலறையில் பிப்பின் பழைய முக்காலியில் ஜோவின் மகன், இன்னொரு குட்டி பிப், உட்கார்ந்திருக்கிறான் பார், அங்கே முடி. அந்தப் பெயர்தான் ஜோ எழுதி அனுப்பிய கடைசி ரசீது.


வெள்ளெருக்கு

கரிச்சானுக்குள்ளும் ஈரம் இருக்கிறது. குறித்துக்கொள்கிறேன்.


மழைக்காகிதம்

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கட்டுரை திரும்பி வந்துவிட்டது. 1480 வார்த்தை. இந்தத் தடவை ஓரமெல்லாம் பென்சில். 38, 39 பகுதிக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கோடு போட்டு "ஆம்" என்று இருக்கிறது. ஹெர்பர்ட் பத்தியில் "இங்கே அவசரப்படாதே" என்று இருக்கிறது. கைகள் பத்தியில் எதுவும் எழுதவில்லை, ஆனால் பக்கத்தின் மூலை மடிந்திருக்கிறது. மேடம் மடித்தார்களா, பையில் மடிந்ததா தெரியவில்லை.

குறளைச் சேர்க்கவில்லை அக்கா, இடம் போதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் மதிப்பெண்ணுக்குக் கீழே மறுபடி ஒரே வரி: "எல்லாம் சரி. ஆர்லிக் எங்கே?"


தூண்டில்காரன்

சொன்னேனா இல்லையா?